மாட்டைக் கண்டால் இறங்கு

ரோட்டு வேலைக்காரனுக்கு ரோடு ஒருநாளும் வழியாக இருப்பதில்லை. மற்றவர்கள் அதில் எங்கேயாவது போய்ச் சேருகிறார்கள், அவன் மட்டும் போட்ட சரளையையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வருகிறான்.

தினமும் சைக்கிளை மிதித்து வேலைக்குப் போய் வருகிறவர்கள் இதைப் படித்தால் என்னை உங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். என் காலத்தில் முகத்துக்கு முன்னால் மாட்டுவண்டி வந்தது. சத்தம் போடாமல் வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அது மகாராணி ஆட்சிக் காலம். கூடலூருக்கு மேலே மலைக்காட்டில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். ரயிலடியிலிருந்து இரும்பும் அரிசியும் எண்ணெயும் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று மாட்டுவண்டிகளில் ஏறிக்கொண்டே இருந்தன. அதில் சின்னமனூரிலிருந்து கம்பம் வரைக்கும் பள்ளம் மேடு பார்த்து நிரவுவது என் உத்தியோகம். ரோடு மேஸ்திரி என்பார்கள். வீடு ராயப்பன்பட்டியில், ஆபீஸ் உத்தமபாளையத்தில். இந்தப் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்து அப்போது ஒரே ஒரு சைக்கிள்தான் இருந்தது. அது என்னிடம் வந்து மாட்டிக்கொண்டது.

மட்டக்குதிரைக்குப் பதில்

என்னிடம் ஒரு மட்டக்குதிரை இருந்தது. மழைக்காலத்தில் வயிறு ஊதிச் செத்துப்போனது. அதே மாதம், மலைமேல் வேலை பார்த்த ஓர் இளவயது இஞ்சினீர் துரையைக் காய்ச்சல் பிடித்து டோலியில் வைத்து இறக்கினார்கள். அவர் சீமையிலிருந்து ஒரு பைசிக்கிள் தருவித்திருந்தார். மலையில் அது உதவாது என்று எங்கள் ஆபீசிலேயே விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்தால் ஆபீஸ் மைதானத்தில் ஏறிச் சுற்றுவார். ஒன்றிரண்டு தடவை என்னையும் ஏற்றிவிட்டுப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். எப்படி ஓட்ட வேண்டும் என்பதைவிட எப்படி ஓட்டக்கூடாது என்பதைத்தான் அதிகம் சொல்வார். நல்ல மனுஷன். ரயிலடி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. பெரியகுளத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

ஹெட் கிளார்க் சேஷய்யர் என்னைக் கூப்பிட்டு, மூலையில் கிடந்த வண்டியின் மேலிருந்த சாக்கை விலக்கினார். வேறு குதிரை கேட்டு எழுதிப் போட்டால் வர வருஷமாகும், அதுவரை இதில் போய் ரோட்டைப் பார் என்றார். துரை சொல்லிக்கொடுத்த விதிகளை நான் அவரிடம் ஒப்பித்தேன். இடது ஓரமாகப் போக வேண்டும். ஆள் குறுக்கிட்டால் மணி அடிக்க வேண்டும். பொழுது விழுந்தால் விளக்கு ஏற்ற வேண்டும். எதிரே வரும் மாடோ குதிரையோ மிரண்டால் உடனே இறங்கி நிற்க வேண்டும். சீமையில் இப்படித்தானாம், மீறினால் அபராதமாம். சேஷய்யர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "இவ்வளவும் தெரிஞ்சவர் போய்ச் சேந்துட்டார், தெரியாத நீ ஏறப்போறே. ஒண்ணையும் விடாதே சவரிமுத்து. நீ விழுந்தா மேலே எழுத வேண்டியவன் நான்."

களத்து மண்

எங்கள் ஊரில் கதிரடிக்கும் களத்தில்தான் பழகினேன். இன்றைய சைக்கிள் மாதிரி அதில் மிதிக்காமல் சும்மா உட்கார்ந்து வர முடியாது. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் மிதியும் சுற்றும், மிதியோடு காலும் சுற்றும். காற்றடைத்த ரப்பர் கிடையாது, கெட்டி ரப்பர். ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் ஏறிப் பல்லில் வந்து முடியும். பிரேக் என்பது முன்சக்கரத்தின் தலையில் அழுத்துகிற ஒரு கரண்டி. அழுத்தினால் வண்டி நிற்கும். நான் நிற்கமாட்டேன்.

சாயங்காலம் மாதா கோயிலில் செபம் முடித்து வருகிறவர்கள் களத்து ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அந்த வருஷம் யாரும் சிரிக்கும் நிலையில் இல்லை. மலைக்குக் கூலிக்குப் போன ஆட்கள் காய்ச்சலோடு திரும்பி வீட்டுக்கு வீடு படுத்திருந்தார்கள். பார்த்துவிட்டு, வீட்டில் கிடக்கிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்சப் போனார்கள். வீட்டுக்கு வந்து சிராய்த்த முழங்கையை நீட்டினேன். என் மனைவி மரியம்மாள் மஞ்சள் பற்றுப் போட்டாள். துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டபிறகுதான் சொன்னாள்: "குதிரையில இருந்து விழுந்தாகன்னா சனத்துக்குப் புரியும். இதுல இருந்து விழுந்து ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, கேக்குறவுகளுக்கு நான் எதுல இருந்துன்னு சொல்றது?"

இடது ஓரம்

ரோட்டில் ஏறிய பிறகு ஒன்று தெரிந்தது. இடது ஓரம் என்பது எனக்கு மட்டும்தான் இருந்தது. வண்டிகளுக்கு எப்போதும் நடு ரோடு. இரவெல்லாம் பாரம் ஓட்டிய வண்டிக்காரர்கள் விடிந்ததும் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போவார்கள். மாடுகள் பாட்டுக்கு நடக்கும். அவர்களை எழுப்பி ஓரங்கட்டி ஓட்டச் சொல்வதும் என் வேலையில் சேர்ந்ததுதான். குதிரை மேலிருந்து சொன்னபோது கேட்டார்கள். சைக்கிள் மேலிருந்து சொன்னால், என் வாயைப் பார்ப்பதா சக்கரத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் சொன்னதை விட்டுவிடுவார்கள்.

சின்னமனூருக்கு இந்தப் பக்கம், புளியமரங்கள் நெருங்கி நிற்கிற இடத்தில் ஒருநாள் காலையில் ஓர் அரிசி வண்டி எதிரே வந்தது. ரெண்டு செவலை மாடுகள். நான் ஒழுங்காக என் ஓரத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். என்னைக் கண்டதும் மாடுகள் மூக்கைத் தூக்கின. நான் காலைத் தரையில் ஊன்றுவதற்குள் வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சரிந்துவிட்டது. வண்டிக்காரர் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து, முதலில் மாடுகளின் காலைத் தடவிப் பார்த்தார். அப்புறம் நுகத்தடியைப் பார்த்தார். அப்புறம்தான் என்னை. பெயர் வீரணன். ஆண்டிபட்டிப் பக்கம் மழையை நம்பிப் பயிர் வைக்கிற சம்சாரி. மழை பொய்த்துப்போய், உழவு மாட்டை வண்டியில் கட்டிக்கொண்டு அணைக்குப் பாரம் அடிக்க வந்தவர்.

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ரெண்டு பேருமாக மூட்டைகளை இறக்கி, வண்டியை நிமிர்த்தி, திரும்ப ஏற்றினோம். மேஸ்திரி என்கிற முறைக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டுமே. நடு ரோட்டில் வராமல் இடது ஓரமாக வந்தால் நல்லது என்றேன். அவர் தலைத்துண்டால் மாட்டின் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இடது வலதெல்லாம் மாட்டுக்கு நான் சொல்லிக் குடுத்துருவேன் அய்யா. உங்களைக் காட்டி, இவுக மனுசந்தான்னு எப்படிச் சொல்லிக் குடுக்கறது?"

ஏலக்காய்ச் சுமைக்காரர்

அன்றிலிருந்து மிரளும்வரை காத்திருப்பதில்லை. தூரத்தில் மாடு தெரிந்தாலே இறங்கிவிடுவேன். வண்டியை ஓரமாகச் சாய்த்து, அதற்கு முன்னால் நான் நின்று மறைத்துக்கொள்வேன். மாடுகள் தாண்டியதும் ஏறுவேன். ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் அடுத்த வண்டி தெரியும். அந்த ரோட்டில் வண்டி இல்லாத இடமே கிடையாது. கம்பத்தில் என்னோடு கிளம்பிய ஒரு மனிதர், குமுளியிலிருந்து தலையில் ஏலக்காய் மூட்டையோடு இறங்கி வந்தவர், உத்தமபாளையம் வரைக்கும் எனக்கு முன்னாலும் பின்னாலுமாக வந்துகொண்டே இருந்தார். நான் ஏறினால் அவரைத் தாண்டுவேன், இறங்கினால் அவர் என்னைத் தாண்டுவார். ஊருக்குள் நுழையும்போது ரெண்டு பேரும் சேர்ந்துதான் நுழைந்தோம். அவர் சுமையை இறக்கி வைத்துவிட்டு என்னை இரக்கமாகப் பார்த்தார். "இவ்வளவு தூரமும் ஏறி எறங்கிக்கிட்டே வந்துட்டீக. முன்னாடியே சொல்லியிருந்தா ஆளுக்குக் கொஞ்ச தூரமாத் தள்ளியிருக்கலாம்ல."

மணிச் சத்தம்

உத்தமபாளையத்துக்கு வெளியே, மலைக்குப் போகிற கூலிகள் தங்கிச் செல்ல ரோட்டின் ரெண்டு பக்கமும் ஓலைக்கொட்டகை போட்டிருந்தார்கள். பெண்டு பிள்ளைகளோடு வந்தவர்களும் அதில்தான் கிடந்தார்கள். அங்கே வாந்திபேதி கண்டுவிட்டது. அப்போது நான் கம்பம் பக்கம் ஒரு வாரம் சரளை அடிக்கிற வேலையில் இருந்தேன். பேதி என்று காதில் விழுந்தது, அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இறந்தவர்களை எடுத்துப் போக ஒற்றை மாட்டுவண்டி ஏற்பாடு செய்திருந்தார்கள் என்பதும், சனங்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று அந்த மாட்டின் கழுத்தில் வெண்கல மணி கட்டியிருந்தார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

வேலை முடிந்து அந்த வழியாகத் திரும்பினேன். கொட்டகை வாசலில் எல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டில் பாத்திரமும் விறகுமாகக் கிடந்தது. விதிப்படி மணி அடித்தேன். வாசலில் இருந்தவர்கள் எழுந்து உள்ளே போய்த் தட்டியைச் சாத்தினார்கள். மறுபடியும் அடித்தேன். இன்னும் ரெண்டு தட்டி சாத்திக்கொண்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி நின்றேன். ஒரு கொட்டகையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். என் வண்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "இன்னும் மூச்சு இருக்கு சாமி. அடுத்த நடைக்கு வாங்க."

விளக்கு

அதன்பிறகு அந்த இடத்தில் நான் மணி அடிக்கவில்லை. கொட்டகை தொடங்குகிற இடத்தில் இறங்கி, முடிகிற இடம் வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போவேன். அதனால் வீட்டுக்குப் போக இருட்டிவிடும். ஒருநாள் விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. கருக்கலில் உத்தமபாளையம் முகப்பில் கான்ஸ்டபிள் முனியாண்டி கையை நீட்டி மறித்தார். மணியும் இல்லை, விளக்கும் இல்லை, ஒரு ஆள் தரையில் கால் படாமல் வருகிறான், இது என்ன வரவு என்றார். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மறுநாள் காலை சப் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

மாஜிஸ்திரேட் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இருட்டில் விளக்கில்லாமல் வண்டி ஓட்டினால் குற்றம், இருட்டில் விளக்கில்லாமல் ஆள் நடந்தால் குற்றமில்லை, இது வண்டியா ஆளா என்று கேட்டார். மாடு உண்டா? இல்லை. தானாக நிற்குமா? நிற்காது. ஆள் இறங்கினால்? சாய்ந்துவிடும். கடைசியில், இனிமேல் எண்ணெயில்லாமல் கிளம்பாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் முனியாண்டியிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், தெரிந்த ஆளை இப்படி இழுத்துவிடலாமா என்று. அவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வேறு எங்கேயோ பார்த்தபடி சொன்னார்: "எந்தம்பி மேல ஏறின வண்டியில விளக்கே இல்ல. இருந்துச்சுன்னு வண்டிக்காரன் இதே கோர்ட்டுல சத்தியம் பண்ணிட்டுப் போனான். நான் உடுப்போட வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அதுலருந்து தெரிஞ்சவுக, தெரியாதவுகன்னு பாக்குறதில்ல."

வாய்க்கால் பாலம்

ஐப்பசியில் விடாமல் மழை. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் பாலம். ரோடு அங்கே இறக்கமாக வந்து பாலத்தில் ஏறும். ஒரு மத்தியானம் நானும் என் கூலியாள் ஒருவனும் போய்ப் பார்த்தபோது, பாலத்தின் ஒரு பக்கம் அடியில் மண் அரித்துக்கொண்டு போய் மேல்கல் உட்கார்ந்திருந்தது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாரவண்டி ஏறினால் மாட்டோடு உள்ளே போய்விடும். கீழே தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. கூலியாளை உத்தமபாளையம் பக்கம் ஓடச் சொல்லிவிட்டு, நான் சைக்கிளில் ஏறி சின்னமனூர் பக்கம் மிதித்தேன். மேட்டில் ஏறியதும் தெரிந்தது. வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தன.

முதல் வண்டி வீரணனுடையது. நான் இறங்கி ஓடிப்போய், பாலம் உட்கார்ந்துவிட்டது என்றேன். அவர் உடனே பிடித்து நிறுத்திவிட்டார். பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. மேஸ்திரி வழக்கம்போல் ஓரங்கட்டச் சொல்கிறார் என்று நினைத்து, வலது பக்கமாகத் தாண்டப் பார்த்தார்கள். இரும்புப் பாரம் ஏற்றிய ஒரு வண்டி இறக்கத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. நான் கத்திய கத்தல் மழையில் யாருக்கும் கேட்கவில்லை. வீரணன் மூக்கணாங்கயிற்றைச் சுண்டி இழுத்து, தன் வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினார். இரும்பு வண்டிக்காரன் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். சேற்றில், அந்தப் பாரத்தில், மாடு என்ன செய்யும். வந்து மோதியது. வீரணனின் வலத்து மாட்டுக்கு முன்னங்கால் முறிந்துபோனது.

வரிசை முழுக்க நின்றுவிட்டது. எந்த வண்டியும் பாலத்தில் ஏறவில்லை. எல்லோரும் இறங்கி வந்து உட்கார்ந்த கல்லைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து மாட்டைச் சுற்றி நின்றார்கள். வீரணன் சேற்றில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தார். மழை அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். அவரே சொன்னார்: "வாய்க்கால்ல விழுந்திருந்தா எத்தனையோ மாடு போயிருக்கும். இப்ப ஒண்ணுதான் அய்யா. அந்த ஒண்ணு என்னுதாப் போச்சு."

குறுக்கே நின்ற குற்றம்

இரும்பு வண்டியை அனுப்பிய காண்டிராக்டரின் ஆள் ஒருவன் புகார் கொடுத்தான். சர்க்கார் ரோட்டுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தியதால்தான் மோதல், சாமான் சேதம் என்று. முனியாண்டி வந்து என்னிடம் சொன்னபோது அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது; ஆனால் பதிவு செய்துவிட்டார். மறுபடி அதே சப் மாஜிஸ்திரேட். நான் சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னேன். வண்டியைக் குறுக்கே நிறுத்தச் சொன்னது நீரா என்று கேட்டார். நான் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும், எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது என்றேன்.

போன மாட்டுக்கு ஏதாவது கிடைக்குமா என்று சேஷய்யரும் மேலே எழுதிப் பார்த்தார். வண்டிகள் காண்டிராக்டில் ஓடுகிறவை, சர்க்காருக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. கோர்ட்டில் வீரணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் பக்கம் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, மாடு நல்ல மாடு என்று மட்டும் சொன்னார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "கெட்ட எண்ணத்துல குறுக்கே நிக்கிறவனுக்குச் சட்டத்துல பிரிவு இருக்கு. நல்ல எண்ணத்துல குறுக்கே நிக்கிறவனுக்கு ஒண்ணும் எழுதி வைக்கல. அதனால எச்சரிச்சு விடறேன், போ."

கம்பம் ரோட்டில் ஒரு சுமை

மிஞ்சின ஒற்றை மாட்டையும் வண்டியையும் ஊர்க்காரர் ஒருவரிடம் ஒப்படைத்து ஆண்டிபட்டிக்கு அனுப்பிவிட்டு, வீரணன் கல் சுமக்க மலை ஏறிவிட்டார். மிஞ்சின மாட்டுக்கு ஜோடி வாங்கினால்தான் ஊருக்குப் போக முடியும் என்றாராம். மாசி மாதம், கம்பத்துக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் ஒருவர் சுருண்டு கிடந்தார். நான் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகி, ஆளே அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். மலைக்காய்ச்சல். உத்தமபாளையம் தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கீழே இறங்குகிற வெறுவண்டிகளை மறித்துக் கேட்டேன். பேதி பயம் இன்னும் போகவில்லை. முகத்தைப் பார்த்ததும் வண்டியைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அவரைத் தூக்கி சைக்கிள் சீட்டில் உட்கார வைத்தேன். கனமே இல்லை. ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் அவர் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, இடது ஓரமாகவே தள்ளிக்கொண்டு நடந்தேன். அவர் என் தோளைப் பற்றியிருந்தார். ரெண்டு மூன்று இடத்தில் மரத்தடியில் இறக்கித் தண்ணீர் கொடுத்தேன். ஊர் முகப்பில் முனியாண்டி நின்றார். ஒரு வண்டியில் ஓர் ஆளை உட்கார வைத்து இன்னோர் ஆள் தள்ளலாமா என்று சட்டம் கேட்பார் என்று நினைத்தேன். அவரோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்களுக்கு முன்னால் நடந்து, சனங்களை விலக்கிக்கொண்டே போனார். எதிரே சலங்கைச் சத்தம் கேட்டது. கண்ணை மூடியிருந்த வீரணன் அசைந்தார். என் தோளை விட்டுவிட்டுக் கீழே இறங்கப் பார்த்தார். "மாடு வருது அய்யா. என்னை இறக்கி விடுங்க, மிரளும்."

ஆண்டிபட்டி

அந்த வாரத்தை அவர் தாண்டவில்லை. சாயங்காலம் நான் போய்ப் பார்ப்பேன்; ஒருநாள் போனபோது கட்டிலில் வேறு ஆள் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே புதைத்திருந்தார்கள். வீட்டுக்குச் சொல்ல யாருமில்லை. நானே போய்ச் சொல்லிவருகிறேன் என்று சேஷய்யரிடம் போய் நின்றேன். சைக்கிள் சர்க்கார் வேலைக்கு மட்டும்தான் என்றார் முதலில். அப்புறம், ரோடு பார்க்கப் போனதாக வைத்துக்கொள்கிறேன் என்றார். விடியுமுன் கிளம்பினேன். சின்னமனூர் தாண்டி, தேனி தாண்டி, கிழக்கே திரும்பியதும் பச்சை முடிந்துபோகும். செம்மண் காடு, காய்ந்த சோளத்தட்டை, வெயில். வழியெல்லாம் வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் இறங்கினேன். நான் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. எனக்கு முன்னால் யாரோ ஒரு வண்டிக்காரர் செய்தியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். வீட்டு வாசலில் பெண்கள் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வீரணனின் மனைவி சின்னத்தாய் எழுந்து வந்தாள். நான் யார் என்று சொன்னேன். அவள் என்னை அதிகம் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தாள்.

"இதுலதான் வந்தாகளா?"

ஆமாம் என்றேன்.

"எங்கன உக்காந்தாக?"

சீட்டைக் காட்டினேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். முன்னாலும் பின்னாலும் தடவிப் பார்த்தாள். "சாஞ்சுக்கிட ஒண்ணுமே இல்லையே. எதப் பிடிச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் வந்தாக?"

என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்றேன். அவள் என் தோளைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். "அப்பச் சரி. ஒத்தையா வரல."

இத்தனை வருஷம் மிதித்ததில் சைக்கிள்காரர்களான என் இனத்தாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சட்டப்படி சைக்கிள் ஓட்டுகிறவன் விழாமல் போய்ச் சேர்ந்துவிடுவான்; ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேருவான் என்று மட்டும் யாரிடமும் உத்தரவாதம் கேட்காதீர்கள்.